சாவி யார் இடுப்பில்?

சாலைக் கடைத்தெருவில் வேலைக்கு வந்த தமிழர்களுக்குச் சம்பாத்தியத்தைப் பத்திரப்படுத்த அந்தக் காலம் முதலே இரண்டு வழிகள் உண்டு. வாரக் கூலியைக் கையில் வாங்காமல் அண்ணாச்சியின் பேரேட்டில் தன் பெயருக்கு வரவு வைக்கச் சொல்லிவிட்டு, பொங்கலுக்கோ ஊர்க் கொடைக்கோ புறப்படும்போது மொத்தமாக வாங்கிக்கொள்வது ஒன்று. தங்கும் அறையில் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, சாவி அரைஞாண் கயிற்றில் என்பது மற்றொன்று. முதல் வழியில் அண்ணாச்சி நல்லவராக இருக்க வேண்டும், அவருடைய கடையும் நன்றாக நடக்க வேண்டும். இரண்டாவது வழியில் அறைத் தோழன் நல்லவனாக இருக்க வேண்டும், சாவியும் தொலையாதிருக்க வேண்டும். பாங்க் பாஸ் புத்தகம் எல்லோர் கைக்கும் வந்த பிறகு இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

தீர்ந்த கவலை இப்போது செல்போன் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. கிழக்கேகோட்டையில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி, மாலையில் கரமனைக்கும் மணக்காட்டுக்கும் பஸ் ஏற நிற்கும் கூட்டத்தில் பிட்காயின் என்ன விலை என்று போனைத் தடவிப் பார்க்கிற இளைஞர்கள் உண்டு. துணிக்கடைச் சிப்பந்தி, கணக்கெழுதும் குமாஸ்தா, வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து இங்கே வேலை தேடுகிறவர் எனப் பலவகையினர். ஐந்நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும்கூட வாங்கலாம் என்பதால் வாங்கியவர்கள் அதிகம். வாங்கியதை எங்கே வைப்பது என்று யோசித்தவர்கள் குறைவு. "அண்ணே, போன் தொலைஞ்சு போச்சுன்னா காசும் போச்சா?" என்ற கேள்வி, போன் தொலைந்த பிறகுதான் வருகிறது.

அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வைத்திருந்த பணப்பை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது அது.

பையில் காசு இல்லை

'வாலட்' என்ற ஆங்கிலப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பை என்றால் உள்ளே காசு இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிரிப்டோ பணப்பையில் காசு எதுவும் இருப்பதில்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரியாகப் பிரதி எடுத்து வைக்கப்பட்டுள்ள ஒரு பெரிய பேரேடுதான் எல்லாம். இன்ன முகவரியின் பேரில் இவ்வளவு இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த முகவரியிலிருந்து பற்று எழுதுவதற்கு ஒரு ரகசியச் சாவி வேண்டும். சாவி என்பது ஒரு மிக நீண்ட எண். பணப்பை என்று சொல்லப்படுவது அந்தச் சாவியைப் பாதுகாத்து, தேவையானபோது அதைக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தரும் கருவி மட்டுமே.

பாங்கில் செக்கைக் கொடுத்தால் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குமாஸ்தா இருக்கிறார். சந்தேகம் வந்தால் நிறுத்தி வைப்பார், போன் செய்து கேட்பார். இந்தப் பேரேட்டில் அப்படி ஒருவர் இல்லை. சாவி சரியாக இருந்தால் பணம் போய்விடும். போட்டவர் உடையவரா, திருடனா, போலீஸ் அதிகாரி போல் போனில் மிரட்டியவரா என்று கேட்க யாருமில்லை. எழுதிய பற்றை ரத்துச் செய்யவும் வழியில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் கடுமையானது. கிழக்கேகோட்டை வாசலுக்குள் போனால் பத்மநாபசுவாமி கோயில். அங்கே 2011ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்ததும், தங்கமும் கற்களும் வெளிவந்ததும், உலகப் பத்திரிகையாளர்கள் எல்லாம் இந்தத் தெருவில் வந்து நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். 'பி' என்று பெயரிடப்பட்ட அறையை மட்டும் திறக்கவில்லை. 2020 ஜூலை 13ந் தேதி வந்த தீர்ப்பில், அதைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவு நிர்வாகத்துக்கே விடப்பட்டது. ஆனால் ஒன்று: திறக்க வேண்டும் என்று முடிவானால் கொல்லனும் கல்தச்சனும் வந்து திறந்துவிடலாம். அது மனிதன் செய்த பூட்டு. கிரிப்டோ பணப்பையின் சாவி தொலைந்தால் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டாலும் திறக்க முடியாது. பணம் பேரேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். தொட மட்டும் முடியாது.

இங்கிலாந்துக்குப் பக்கத்திலுள்ள வேல்ஸ் நாட்டில், நியூபோர்ட் நகரவாசியான ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் கதை இப்படித்தான். சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி இருந்த கம்ப்யூட்டர் தட்டு 2013இல் குப்பையோடு போய்விட்டது. நகராட்சிக் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் போராடினார். 2025 ஜனவரியில் கோர்ட் அவருடைய வழக்கைத் தள்ளிவிட்டது. அமெரிக்காவில் ஸ்டெஃபான் தாமஸ் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 7,002 பிட்காயின்களின் சாவியை ஒரு பென் டிரைவில் வைத்துவிட்டு, அதன் கடவுச்சொல்லை மறந்துபோனார். பத்து முறை தவறாகப் போட்டால் அந்தக் கருவி தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். எட்டு முறை போட்டுப் பார்த்துவிட்டார் என்ற செய்தி 2021இல் உலகெங்கும் பேசப்பட்டது. நிபுணருக்கே இந்தக் கதி.

அண்ணாச்சியின் பேரேடு

புதிதாக வாங்குகிற பெரும்பாலோர் எக்ஸ்சேஞ்ச் எனப்படும் நிறுவனங்களின் ஆப் மூலமாக வாங்கி, வாங்கியதை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இது அண்ணாச்சியின் பேரேட்டில் வரவு வைப்பதற்குச் சமம். சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் இருப்பது ஒரு கணக்கும் கடவுச்சொல்லும் மட்டும். வசதி உண்டு. போன் தொலைந்தால் புதுப் போனில் ஆதார், பான் எண் காட்டிக் கணக்கை மீட்டுவிடலாம். மேலே கேட்ட கேள்விக்கு, இந்த வகையில், "போகாது" என்பதே பதில்.

அண்ணாச்சிக்கே ஆபத்து வந்தால்? 2024 ஜூலை 18ந் தேதி அதுதான் நடந்தது. இந்தியாவில் மிகப் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றான வசீர்எக்ஸ் நிறுவனத்தின் ஒரு பணப்பையிலிருந்து சுமார் 23 கோடி டாலர், அதாவது ஏறக்குறைய இரண்டாயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. வாடிக்கையாளர்களின் மொத்தச் சொத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகை அது. நிறுவனம் உடனே கணக்குகளை முடக்கியது. அதன்பின் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் மறுசீரமைப்புத் திட்டம், கடன்காரர்களின் ஓட்டெடுப்பு, நிராகரிப்பு, மறு ஓட்டெடுப்பு என்று இழுத்து, 2025 அக்டோபர் இறுதியில்தான் மீண்டும் திறந்தது. பதினைந்து மாதம். தங்கை கல்யாணத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்தவருக்குப் பதினைந்து மாதம் என்பது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

திருட்டு நடந்த விதத்தைக் குமாஸ்தாக்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பணப்பை ஒற்றைச் சாவியால் திறப்பது அல்ல. ஆறு பேரிடம் சாவி. வசீர்எக்ஸ் தரப்பில் ஐந்து பேர், லிமினல் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தரப்பில் ஒருவர். வசீர்எக்ஸ் ஆட்கள் மூவரும் லிமினலும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பந்தோபஸ்து என்ன வேண்டும்? ஆனால் கையெழுத்துப் போட்டவர்களின் திரையில் தெரிந்தது ஒன்று, உண்மையில் அவர்கள் கையெழுத்திட்டது வேறொன்று. மேலே வவுச்சர், நடுவில் கார்பன் தாள், அடியில் சொத்து எழுதிக் கொடுக்கும் பத்திரம் என்று வைத்து ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது போன்ற வேலை. அந்தக் கையெழுத்துகளோடு பணப்பையின் அதிகாரமே திருடர் கைக்கு மாறிவிட்டது. தவறு யார் பக்கம் என்பதில் இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று சுட்டின. இது வட கொரியாவுடன் தொடர்புடைய கும்பலின் வேலை என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் கூட்டாக அறிவித்தன. அடுத்த மாதமே பைபிட் என்ற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் இதே பாணியில் சுமார் 150 கோடி டாலர் பறிபோனது.

இந்த விவகாரத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு வழக்குக் கிளம்பியது. 2024 ஜனவரியில் சுமார் இரண்டு லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்.ஆர்.பி. என்ற நாணயத்தை வாங்கி வசீர்எக்ஸில் வைத்திருந்த ஒரு பெண்மணி, திருடு போனது வேறு வகை நாணயங்கள், தன்னுடையது அல்ல, அப்படியிருக்கத் தன் கணக்கை ஏன் முடக்க வேண்டும், நஷ்டத்தைத் தன் தலையில் ஏன் பங்கிட வேண்டும் என்று கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவில், கிரிப்டோ என்பது கையில் தொடக்கூடிய பொருளும் அல்ல, நாணயமும் அல்ல, ஆனாலும் அது சொத்து, ஒருவருக்காக மற்றொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கத்தக்க சொத்து என்று கூறினார். அவருடைய பங்குக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது. எக்ஸ்சேஞ்சில் வைத்துவிட்டு நிம்மதி இல்லாமல் இருப்பவர்களுக்கு இது ஒரு பிடிமானம்தான். என்றாலும் கோர்ட் வரை போக முடிந்தவர்களுக்குத்தான் பிடிமானம். ஐயாயிரம் ரூபாய்க்காக வக்கீலை யார் பார்ப்பார்கள்?

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் நிறுவனத்திலும் சுமார் 4 கோடியே 40 லட்சம் டாலர் திருடு போனது. அது நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலிருந்து போனது, நஷ்டத்தைத் தாங்களே ஏற்கிறோம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. எல்லாக் கடைகளும் ஒரே மாதிரி அல்ல. ஆனால் எந்தக் கடை எப்படி என்பது திருட்டு நடந்த பிறகுதான் தெரிகிறது. வைத்திருப்பது பாங்க் டெபாசிட்டும் அல்ல. பாங்க் மூழ்கினால் ஐந்து லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. எக்ஸ்சேஞ்சுக்கு அது கிடையாது.

வெளிநாட்டுக் கதைகளில் ஒன்றை மட்டும் இங்கே நினைவுகூரலாம், அது முடிந்த இடம் இந்தியா என்பதால். கனடாவின் குவாட்ரிகா என்ற எக்ஸ்சேஞ்சின் தலைவர் ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் காலமானார். சாவிகள் அவரிடம் மட்டுமே இருந்தன, ஆகவே வாடிக்கையாளர் பணத்தை எடுக்க முடியவில்லை என்று முதலில் சொன்னார்கள். பிறகு தணிக்கை செய்தபோது அந்தப் பணப்பைகள் முன்னமே காலியாகிக் கிடந்தன. பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்?

தகரப் பெட்டி

அடுத்த வகை, சாவியைத் தானே வைத்துக்கொள்வது. டிரஸ்ட் வாலட், மெட்டாமாஸ்க் போன்ற ஆப்புகள் இலவசம். போனில் இறக்கிக்கொண்டால் சாவி அந்தப் போனிலேயே உருவாகும். நிறுவனத்துக்கு அது தெரியாது. பான் எண்ணோ ஆதாரோ யாரும் கேட்பதில்லை. ஆப் முதலில் செய்கிற காரியம் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டி எழுதிக்கொள்ளச் சொல்வது. சில கருவிகள் இருபத்துநான்கு சொற்கள் காட்டும். அந்தச் சொற்கள்தான் சாவி. போன் தொலைந்தாலும், உடைந்தாலும், வேறு போனில் அதே சொற்களை அதே வரிசையில் போட்டால் பணம் திரும்பி வரும். சொற்கள் தொலைந்து போனும் தொலைந்தால், பணம் பேரேட்டில் நின்றுவிடும்.

இந்தச் சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுக்கப்படுகின்றன. ஜப்பானிய மொழி, கொரிய மொழி, செக் மொழி ஆகியவற்றுக்கெல்லாம் பட்டியல் உண்டு, தமிழுக்கு இல்லை. ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாதவர் பயப்பட வேண்டாம். பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துக்கள் ஒன்றாக இராது. ஆகவே கடைசி எழுத்துத் தவறினாலும் கண்டுபிடித்துவிடலாம். வரிசை மாறினால்தான் வினை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுத வேண்டும்.

எழுதுவது பேனாவால், காகிதத்தில். திரையைப் போட்டோ எடுத்து வைப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. போனில் எடுத்த போட்டோ கூகுள் கணக்குக்குத் தானாகப் போய்ச் சேரும். அந்தக் கணக்கை ஒருவன் திறந்தால் பணப்பையும் திறந்தது போலத்தான். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதும் இதே வகை. பல பேர் தங்கும் அறையில், பாட்டுக் கேட்க, ரீல்ஸ் பார்க்க என்று போன் கை மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், ஆப்புக்குத் தனியாக ஒரு பின் எண் போடாமல் வைப்பது பெட்டியைப் பூட்டாமல் வைப்பதற்கு ஒப்பாகும்.

திருடர்கள் பூட்டை உடைப்பதில்லை, சாவியைக் கேட்டு வாங்குகிறார்கள். "பணம் வரவில்லை" என்று யாராவது சமூக ஊடகத்தில் எழுதினால் போதும். சில நிமிஷங்களில் 'உதவி மையம்' என்ற பெயரில் ஒருவர் வந்து, கணக்கைச் சரிபார்க்கப் பன்னிரண்டு சொற்களையும் தட்டச்சு செய்யச் சொல்லுவார். உண்மையான நிறுவனம் எதுவும் அந்தச் சொற்களைக் கேட்பதில்லை. கேட்டாலே திருடன்தான். ஆப் கடையில் தேடும்போது அசல் போலவே பெயரும் படமும் கொண்ட போலிகள் தட்டுப்படுவதும் உண்டு. நிறுவனத்தின் சொந்த இணையப் பக்கத்திலிருந்து போய் இறக்குவதே சரி.

அனுப்பும்போதும் கவனம் வேண்டும். முகவரி என்பது முப்பது, நாற்பது எழுத்துக்களும் எண்களும் கலந்த கோவை. அதைக் கையால் அடிக்க முடியாது, நகல் எடுத்து ஒட்டத்தான் வேண்டும். ஒட்டும் கணத்தில் முகவரியை மாற்றிவிடும் வைரஸ் உண்டு. முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் ஒத்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள் என்பது தெரிந்து, அந்த இரண்டும் ஒத்துவருகிற போலி முகவரிகளைத் தயாரித்து வைத்திருப்பவர்களும் உண்டு. நடுவிலும் பார்க்க வேண்டும். டாலருக்கு ஈடாகச் சொல்லப்படும் டெதர் நாணயம் ஒன்றுக்கு மேற்பட்ட வலையங்களில் ஓடுகிறது. டிரான் வலையத்து முகவரி 'டி' என்ற எழுத்தில் தொடங்கும், எதீரியம் முகவரி சைபரும் எக்ஸும் சேர்ந்து தொடங்கும். பஸ் மாறி ஏறியது போல வலையம் மாறி அனுப்பினால் பணம் திரும்புவது பெரும்பாடு. முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கட்டணம் கொடுக்கிறார்கள், நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இரும்புப் பெட்டி

மூன்றாவது வகை, சாவிக்கென்றே செய்த சிறு கருவி. செக் நாட்டின் டிரெசார், பிரெஞ்சு நாட்டின் லெட்ஜர் ஆகியவை பெயர் பெற்றவை. பென் டிரைவ் அளவுதான் இருக்கும். சாவி அதற்குள்ளேயே உருவாகி, அதற்குள்ளேயே கையெழுத்துப் போட்டு, வெளியே வராமல் இருந்துவிடும். கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் சாவியை எடுக்க முடியாது. எவ்வளவு, எங்கே போகிறது என்பதைக் கருவியின் சொந்தத் திரையில் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். பார்க்காமல் அழுத்தினால் மேலே சொன்ன கார்பன் தாள் கதைதான்.

விலை சில ஆயிரம் ரூபாய். ஆகவே மூவாயிரம் ரூபாய் நாணயத்துக்கு ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டி வாங்குவது புத்திசாலித்தனமல்ல. சில மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை சேர்ந்தவர்களே இதைப் பற்றி யோசிக்கலாம். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்றோ, பன்னிரண்டு சொற்கள் முன்னமே அச்சடித்த அட்டையோடு வருகிறது என்றோ யாராவது விற்றால் வாங்கவே கூடாது. அந்தச் சொற்கள் விற்றவனிடமும் இருக்கும். லெட்ஜர் வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று திருடப்பட்டு, லட்சக்கணக்கானோரின் பெயரும் வீட்டு முகவரியும் 2020 டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. மறு ஆண்டில் சிலருக்குத் தபாலிலேயே போலிக் கருவி வந்தது, "உங்கள் பழைய கருவியில் கோளாறு, இதைப் பயன்படுத்துங்கள்" என்ற கடிதத்தோடு. கருவி கெடவில்லை, பட்டியல்தான் கசிந்தது. பெட்டி பலமாக இருந்தாலும், இன்ன வீட்டில் பெட்டி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிவது நல்லதல்ல.

காகிதத்தில் சாவியை அச்சடித்து வைக்கும் 'பேப்பர் வாலட்' ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. இப்போது அதை யாரும் சிபாரிசு செய்வதில்லை. எழுதிய சொற்களைப் பாதுகாக்க மட்டும் காகிதம் போதும், ஆனால் இடவப்பாதியும் துலாவர்ஷமும் கொட்டுகிற இந்த ஊரில் ஓட்டு வீட்டுப் பரணில் வைத்த காகிதத்தை ஈரமும் கரையானும் விடாது. சிலர் எஃகுத் தகட்டில் எழுத்துக்களைப் பொறித்து வைக்கிறார்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டும் ஆசாரி இதைச் செய்துவிடுவாரே என்று தோன்றலாம். பெயர் வெட்டலாம், சாவியை அவரிடம் வெட்டக் கொடுப்பது சரியல்ல.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து திறக்கும் பணப்பையைச் சாதாரண மனிதரும் அமைத்துக்கொள்ளலாம். மூன்று சாவிகளில் எவையேனும் இரண்டு போதும் என்ற ஏற்பாட்டில், ஒன்று இங்கே தன்னிடம், ஒன்று ஊரில் மனைவியிடம், ஒன்று நம்பிக்கையான தம்பியிடம். ஒன்று தொலைந்தாலும் மோசமில்லை, ஒருவரால் தனியாக எடுக்கவும் முடியாது. குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வந்தால் என்ன செய்வது என்பது கம்ப்யூட்டர் தீர்க்கிற கணக்கல்ல.

பெட்டியே இல்லாத பூட்டு

இவை எல்லாம் உண்மையான பணப்பைகள். பெட்டியே இல்லாமல் பூட்டை மட்டும் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கேரளத்திலேயே மலப்புறத்தை மையமாக வைத்து 'மோரிஸ் காயின்' என்ற பெயரில் சுமார் 1,200 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்ட வழக்கை அமலாக்கத் துறை விசாரித்து, 2022 ஜனவரியில் சொத்துக்களை முடக்கியது. பணம் கட்டியவர்களின் ஆப்பில் நாணயம் ஏறிக்கொண்டே இருந்தது. அது ஆப்பில் மட்டும் ஏறியது. ஒரு பணப்பை உண்மையானதா என்று அறிய எளிய சோதனை உண்டு: அதிலுள்ளதில் கொஞ்சத்தை வேறொரு நிறுவனத்தின் பணப்பைக்கு இன்றைக்கே அனுப்ப முடிகிறதா? 'வரி கட்டினால் அனுப்பலாம்', 'இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் அனுப்பலாம்' என்றால் அங்கே நாணயம் இல்லை.

வேறொரு ஆபத்து சம்பளக்காரரை அதிகம் குறிவைக்கிறது. 'உன் பாங்க் கணக்கையும் பணப்பையையும் ஒரு மாதம் கொடு, கமிஷன் தருகிறோம்' என்பது. எங்கோ யாரோ ஏமாந்த பணம் அந்தக் கணக்கு வழியாக டெதராக மாறி வெளியே போகும். வழக்கு வரும்போது போலீசாரின் கண்ணில் படுவது கணக்கின் சொந்தக்காரர் பெயர்தான். தெரியாத ஆளுக்கு நேரடியாக நாணயம் விற்றுப் பாங்கில் பணம் வாங்கியவர்களின் கணக்கும், வந்த பணம் திருட்டுப் பணம் என்பதால் முடக்கப்படுவதுண்டு. சம்பளம் வருகிற கணக்கு முடங்கினால் வாடகைக்கே திண்டாட்டம். ஏமாந்தவர்கள் உடனே கூப்பிட வேண்டிய அரசாங்க எண் 1930. முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

டெதரைப் பற்றி இன்னொன்று. சாவி கையில் இருந்தாலும் அதை வெளியிடும் நிறுவனம் விரும்பினால் எந்த முகவரியையும் முடக்க முடியும். 2025 மார்ச்சில் கேரண்டெக்ஸ் என்ற ரஷ்யத் தொடர்புள்ள எக்ஸ்சேஞ்சின் மீது அமெரிக்கா நடவடிக்கை எடுத்தபோது கோடிக்கணக்கான டாலர் டெதர் அப்படித்தான் முடங்கியது. அதை நடத்தியவர்களில் ஒருவராகத் தேடப்பட்ட லிதுவேனிய நாட்டவரைக் கேரளப் போலீசார் அதே மாதம் பிடித்தார்கள். பிடிபட்ட இடம் இந்த ஜில்லாவைச் சேர்ந்த வர்க்கலை.

சட்டம் என்ன சொல்கிறது?

கிரிப்டோ இந்தியாவில் சட்டப்படியான பணம் அல்ல. வைத்திருப்பது குற்றமும் அல்ல. பாங்குகள் இதற்கு உதவக் கூடாது என்று ரிசர்வ் பாங்க் 2018 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4ந் தேதி ரத்துச் செய்தது. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவிகித வரி, அதன்மேல் செஸ். ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க விடமாட்டார்கள். 2022 ஜூலை முதல் விற்கும்போது ஒரு சதவிகிதம் டி.டி.எஸ். பிடித்தமும் உண்டு. தன் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து தன் சொந்தப் பணப்பைக்கு மாற்றுவது விற்பனை அல்ல. ஆனாலும் வாங்கிய தேதி, விலை, மாற்றிய தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சொந்தப் பணப்பை யாருக்கும் கணக்கு எழுதிக் கொடுக்காது. 2023 மார்ச்சிலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிந்துகொள்ள வேண்டும் என்று விதி. பதியாத ஒன்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அதே ஆண்டு டிசம்பரில் நோட்டீஸ் போனது. வாங்குவதற்கு முன் நிறுவனம் பதிந்ததுதானா என்று விசாரிப்பது அவசியம்.

இ-ரூபாய் என்று பாங்குகள் தரும் பணப்பை வேறு சங்கதி. அது 2022 டிசம்பர் முதல் தேதியிலிருந்து ரிசர்வ் பாங்க் சோதனையாக வெளியிட்டுவரும் நம் சொந்த ரூபாயே. அதில் விலை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

ஆக, கையில் ஐயாயிரம், பத்தாயிரம் மட்டும் போட்டுப் பார்ப்பவருக்கு, பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைப்பது பெரிய பிழை அல்ல. போனால் போகட்டும் என்று சொல்ல முடிந்த தொகை வரைக்கும்தான் அது. அதற்கு மேல் சேர்ந்தால், காகிதத்தைப் பத்திரமாக வைக்கத் தெரிந்தவர் போன் பணப்பைக்கு வரலாம். ரேஷன் கார்டையே மூன்று முறை தொலைத்தவர் வர வேண்டாம், அவருக்குக் கோளாறுள்ள எக்ஸ்சேஞ்சே மேல். பெரிய தொகைக்குக் கருவி. எந்த வகையானாலும், எழுதிய பன்னிரண்டு சொற்கள் சரிதானா என்று பார்க்காமல் பணத்தை மாற்றக் கூடாது. சிறு தொகையை அனுப்பி, ஆப்பை அழித்துவிட்டு, காகிதத்தைப் பார்த்துத் திரும்பக் கொண்டுவந்து பார்க்க அரை மணி நேரம் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

பாங்க் கணக்குக்கு நாமினி உண்டு. சொந்தப் பணப்பைக்கு நாமினி காகிதம்தான். இங்கே ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நாகர்கோவில் பக்கத்திலோ தென்காசிப் பக்கத்திலோ இருக்கிற மனைவிக்கு அப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாமல் போகும். ஆகவே விவரத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, எந்த ஆப், எவ்வளவு, யாரிடம் உதவி கேட்கலாம் என்பதைக் குறித்து ஊரில் கொடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். சொற்கள் அந்தத் தாளில் இருப்பதில்லை. அவை வேறொரு உறையில், பெரிய ஆங்கில எழுத்தில், எண் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு இருக்கும்.